16 கிலோ குறைந்ததும், 14 கிலோ திரும்பி வந்ததும்

போன மாதம் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, 2017-ல் எடைக்கணக்கு எழுதி வைத்திருந்த எக்செல் கோப்பு கிடைத்தது. முதல் வரி: ஜனவரி 9, 91.0 கிலோ. கடைசி வரி: ஆகஸ்ட் 20, 75.0 கிலோ. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் பச்சை நிறத்தில் "முடிந்தது!!" என்று எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

2019 பொங்கலுக்கு நான் 89 கிலோ.

எடை குறைத்த கதைகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. குறைத்து இரண்டு வருடம் கழித்து என்ன ஆச்சு என்று எழுதுகிறவர்கள் குறைவு. நானும் எழுதவில்லை, வெட்கம்தான் காரணம். எடை குறைந்த சமயம் கல்யாண வீடுகளில் எல்லாரும் "என்னப்பா இப்படி ஆயிட்ட, சுகர் கிகர் வந்துடுச்சா?" என்று கேட்டார்கள். திரும்ப ஏறிய பிறகு அதே ஆட்கள் "இப்பத்தான் பாக்க நல்லா இருக்க" என்றார்கள். அம்மாவுக்குப் பரம சந்தோஷம். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரே எண்ணம்: நம்மிடம் கட்டுப்பாடு இல்லை, அவ்வளவுதான். தானம் கொடுத்த பேண்ட்டுகளின் அளவிலேயே புதிதாக வாங்க கடைக்குப் போனது ஒரு தனி அவமானம்.

வெறும் தோற்றப் பிரச்சினையாக இருந்தால் விட்டிருப்பேன். அப்பாவுக்கு 52 வயதில் சர்க்கரை வந்தது, 67 வயதில் கால் விரல் ஒன்றை எடுத்தார்கள். எனக்கு 2017 தொடக்கத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.2. எடை குறைந்ததும் 5.6. எடை திரும்பியதும் 6.4. 6.5 என்றால் சர்க்கரை நோய் என்று பெயர் எழுதிவிடுவார்கள். அந்த 6.4-ஐப் பார்த்த பிறகுதான், "கட்டுப்பாடு இல்லை" என்று என்னைத் திட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டு, என்ன நடந்தது என்று ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் மருத்துவன் இல்லை, கம்ப்யூட்டர் ஆள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கணக்கு. உணவு விஷயத்தில் நாம் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோகலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7700 கலோரி இருக்கிறது. எனக்கு அன்று ஒரு உணவு ஆலோசகர் 1200 கலோரி அட்டவணை கொடுத்திருந்தார். நான் அதை ஒழுங்காகத்தான் கடைப்பிடித்தேன், அதாவது அப்படி நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் கோப்பை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். 16 கிலோவுக்கு 1,23,200 கலோரி. 223 நாளால் வகுத்தால் நாளுக்கு 550 கலோரி பற்றாக்குறை. 170 சென்டிமீட்டர் உயரமும் அந்த எடையும் உள்ள, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆளுக்கு நாள் செலவு தோராயமாக 2300 முதல் 2500 வரை இருக்கும். அப்படியானால் நான் சாப்பிட்டது 1200 இல்லை, 1700-க்கும் 1900-க்கும் நடுவில் எங்கோ!

இது எனக்கு மட்டும் நடக்கிற கூத்து இல்லை. 1992-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஸ்டீவன் லிக்ட்மன் குழுவினர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். "நான் 1200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் எடை இறங்கவில்லை" என்று சொன்ன பத்துப் பேரை எடுத்துக்கொண்டார்கள். ஐசோடோப்பு மாற்றிய தண்ணீரைக் குடிக்கவைத்து உடல் உண்மையில் எவ்வளவு எரிக்கிறது என்று அளக்கும் முறை இருக்கிறது, அதை வைத்து அளந்தார்கள். அவர்களுடைய மெட்டபாலிசத்தில் கோளாறு எதுவும் இல்லை. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. என் கோப்பிலும் நான் பொய் எழுதவில்லையே.

நம் வீட்டுச் சமையலில் இது எங்கே ஒளிந்துகொள்கிறது? பெரும்பாலும் எண்ணெயில். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி. தோசைக்குச் சுற்றி விடுவது, தாளிப்பது, பொரியலுக்கு மேலாக ஊற்றுவது என்று எதையும் யாரும் அளப்பதில்லை. அதனால் வேறு வழியில் அளந்தேன். எங்கள் வீட்டில் தலைக்கு மாதம் ஒரு லிட்டர் செலவாகிறது. ஒரு லிட்டர் என்பது சுமார் 8,200 கலோரி, நாளுக்கு 270-க்கு மேல். என் அட்டவணையில் எண்ணெய்க்கு எழுதியிருந்தது 45. மிச்சம், சர்க்கரை போட்ட காபி நாளுக்கு நாலு, பையன் மிச்சம் வைத்த சப்பாத்தி, ஆபீஸில் யாராவது நீட்டுகிற மிக்சர். மிக்சர் 100 கிராமுக்கு 500 கலோரியைத் தாண்டும். ஒரு கைப்பிடி என்பது எத்தனை கிராம் என்று ஒருமுறை சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன், அன்றோடு கைப்பிடிக் கணக்கை விட்டுவிட்டேன்.

சரி, கணக்கு தப்பாக இருந்தும் 16 கிலோ குறைந்ததே. பிறகு ஏன் திரும்பி வந்தது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

எடை குறைந்த உடலுக்குச் செலவும் குறைவு, இது எளிதாகப் புரியும். 91 கிலோவில் எனக்கு நாளுக்கு 2500 தேவை என்றால், 75 கிலோவில் வழக்கமான சூத்திரப்படி சுமார் 2280 போதும். இதற்கு மேல், உடல் தானாகக் கொஞ்சம் சிக்கனமும் செய்கிறது. அமெரிக்காவில் எடைகுறைப்புப் போட்டி நடத்திய ஒரு பிரபலமான தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து கெவின் ஹால் குழுவினர் அளந்து 2016-ல் வெளியிட்டார்கள். போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அந்த நிலையிலும், சும்மா படுத்திருக்கும்போது அவர்கள் உடல் எரித்தது, அந்த எடைக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. செய்தித்தாள்கள் இதை "டயட் மெட்டபாலிசத்தையே கெடுத்துவிடும்" என்று எழுதிப் பயமுறுத்தின. ஆனால் கட்டுரையைப் படித்தால் இன்னொன்றும் இருக்கிறது. எடையை நன்றாகத் தக்கவைத்தவர்களுக்குத்தான் இந்தச் சிக்கனம் அதிகமாக இருந்தது. அதாவது எடை திரும்பியதற்கு மெட்டபாலிசம் முக்கியக் குற்றவாளி இல்லை.

முக்கியக் குற்றவாளி பசி. இதைக் காட்டுகிற ஆய்வுதான் நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. இதுவும் 2016, இதுவும் ஹால் குழுதான்.

சர்க்கரை நோய்க்குக் கனாக்ளிஃப்ளோசின் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. அது ரத்தத்தில் இருக்கும் குளுக்கோசைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும், நாளுக்குச் சுமார் 360 கலோரி அளவுக்கு. சாப்பிடுகிறவருக்கு அது வெளியே போவது தெரியாது. டயட் இருக்கச் சொல்லவில்லை, பசியை அடக்கச் சொல்லவில்லை, சத்தமில்லாமல் தினமும் 360 கலோரி கழிந்துகொண்டே இருக்கிறது. மென்பொருள் ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால், ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டத்தில் ஒரு சின்ன லீக்கை வைத்துவிட்டு, சிஸ்டம் என்ன செய்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கிற மாதிரி.

வெறும் கூட்டல் கழித்தல்தான் என்றால் ஒரு வருடத்தில் 17 கிலோ குறைந்திருக்க வேண்டும். குறைந்தது சுமார் 4 கிலோ, அதோடு நின்றுவிட்டது. ஏன்? அவர்கள் தங்களுக்கே தெரியாமல் கூடுதலாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். எடை மாற்றத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டதில் கிடைத்த எண் இது: குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் பசி நாளுக்குச் சுமார் 100 கலோரி கூடுகிறது. செலவு குறைவது கிலோவுக்கு 20 முதல் 30 கலோரிதான். பசியின் இழுப்பு அதைப்போல மூன்று நாலு மடங்கு.

இந்த எண்ணைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 4 கிலோவில் அளந்ததை 16 கிலோவுக்கு அப்படியே பெருக்க முடியாதுதான். ஆனாலும் 2017 ஆகஸ்ட்டில் "முடிந்தது" என்று எழுதியபோது என் நிலைமை என்ன என்று இப்போது தெரிகிறது. முன்பைவிடக் குறைவாக எரிக்கிற உடல், முன்பைவிட அதிகமாகக் கேட்கிற பசி, அன்றிலிருந்து கணக்கும் எழுதுவதில்லை, தராசும் கட்டிலுக்கு அடியில். ஏறாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இந்தப் பசி கொஞ்ச நாளில் அடங்கிவிடுமா? 2011-ல் ஆஸ்திரேலியாவில் பிரியா சுமித்ரன் குழுவினர் பார்த்தார்கள். 50 பேர், பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு, சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தது. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் போன்ற ஹார்மோன்கள் இறங்கின, பசியைக் கிளப்பும் கிரெலின் ஏறியது. ஒரு வருடம் கழித்து அளந்தபோதும் அவை பழைய நிலைக்கு வரவில்லை. அவர்களே சொன்ன பசியின் அளவும் ஆரம்பத்தைவிட அதிகமாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், பட்டினியால் வாடும் ஐரோப்பிய மக்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்ள, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர்கள், தாங்களாக முன்வந்தவர்கள். 1945-ல் 24 வாரம் அரைப்பட்டினி, எடையில் கால்வாசி போய்விட்டது. அவர்களுக்கு நாள் முழுக்க உணவு நினைப்பாகவே ஆகிவிட்டது. சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம் மாதிரி படித்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். 2017 ஜூலையில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நான் போர்வைக்குள் பிரியாணி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. (அந்தச் சோதனையில் "அரைப்பட்டினி" என்று சொன்னது சுமார் 1570 கலோரி. அவர்கள் ஏற்கெனவே ஒல்லியானவர்கள், வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வைத்தார்கள், அதனால் நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் 1200 அட்டவணையை அச்சடித்துக் கையில் கொடுப்பவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.)

அப்படியானால் குறைந்த கலோரி உணவே வேண்டாமா? இல்லை. அதற்கு நேர் எதிரான முடிவுக்குத்தான் வந்தேன், அதற்குக் காரணம் டைரக்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வு. நியூகாசிலின் ராய் டெய்லரும் கிளாஸ்கோவின் மைக் லீனும் நடத்தியது, 2017 டிசம்பரில் லான்செட்டில் வந்தது. சர்க்கரை நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருக்கும், இன்சுலின் போடாத 306 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 825 முதல் 853 கலோரி, வெறும் பானமும் சூப்பும். ஒரு வருட முடிவில் அந்தப் பிரிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை 6.5-க்குக் கீழே இறங்கியிருந்தது, மற்ற பிரிவில் 4 சதவீதம். 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம்! இரண்டாம் வருடம் 46 என்பது 36 ஆனது. வருடங்கள் கூடக் கூட இன்னும் குறைந்தது. எடை எவ்வளவு திரும்பியதோ அந்த அளவுக்குச் சர்க்கரையும் திரும்பியது.

எல்லாரும் இதில் 825 என்ற எண்ணைத்தான் பிடித்துக்கொண்டார்கள். என் கண்ணில் பட்டது வேறு. டைரக்ட் திட்டத்தில் எடைகுறைப்பு முடிந்த பிறகு என்ன செய்வது என்பது முதல் நாளே எழுதப்பட்டிருந்தது. பானத்திலிருந்து சாப்பாட்டுக்கு வாரக்கணக்கில் படிப்படியாக மாற்றினார்கள். பிறகு மாதாமாதம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். 2 கிலோவுக்கு மேல் திரும்ப ஏறிவிட்டால், திட்டாமல் கொள்ளாமல், சில வாரத்துக்கு மறுபடி அந்தப் பானம். ஏறும் என்று எதிர்பார்த்தே திட்டம் போட்டிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் ரோல்பேக் திட்டம் இல்லாமல் எதையும் லைவ் ஆக்கக் கூடாது என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுக்கிற ஆள் நான். எனக்கு ஒன்று வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

ஒரு எச்சரிக்கை. 825 கலோரி எல்லாம் வீட்டில் சுயமாகச் செய்கிற வேலை இல்லை. அந்த ஆய்வில் முதல் நாளே சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் மருத்துவர்கள் நிறுத்தினார்கள். மாத்திரையை அப்படியே போட்டுக்கொண்டு சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது. உங்கள் மருத்துவரிடம் பேசாமல் ஆரம்பிக்காதீர்கள்.

நான் 2021 ஜனவரியில் 90 கிலோவில் மறுபடி ஆரம்பித்தேன். இந்தமுறை 1200 இல்லை. எண்ணெயை ஸ்பூனால் அளந்து, அரிசியைச் சமைக்கும் முன் எடைபோட்டு, உண்மையான 1800. 14 மாதத்தில் 14 கிலோ, முன்பைவிட மெதுவாக. அரிசி பாதியானது. அந்த இடத்துக்குக் கீரை, சுரைக்காய், புடலங்காய், மோர், சுண்டல், முட்டை. புரதத்தைக் கூட்டியதற்குக் காரணம் இருக்கிறது. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும், அதைக் குறைக்கப் புரதமும் கொஞ்சம் எடைதூக்கும் பயிற்சியும் தேவை. அதோடு, எனக்கு மூன்று முட்டை சாப்பிட்டால் மதியம் வரை தாங்குகிறது, அதே கலோரிக்கு இட்லி சாப்பிட்டால் பதினொரு மணிக்கு வயிறு கூப்பிடுகிறது.

நடை பற்றி என் கருத்து மாறியது. எடை குறைப்பதற்கு நடை பெரிதாக உதவாது. ஒரு மணி நேரம் நடந்தால் 250 கலோரி, அதை ஒரு உளுந்து வடையும் காபியும் தீர்த்துவிடும். ஆனால் குறைத்ததைக் காப்பாற்ற அது உதவுகிறது. அதே தொலைக்காட்சிப் போட்டியாளர்களில் எடையைத் தக்கவைத்தவர்கள் ஆறு வருடம் கழித்தும் உடலுழைப்பை முன்பைவிட 160 சதவீதம் கூட்டி வைத்திருந்தார்கள், திரும்ப ஏறியவர்கள் 34 சதவீதம். 1994-ல் அமெரிக்காவில் ரீனா விங்கும் ஜேம்ஸ் ஹில்லும் ஆரம்பித்த, எடையைக் குறைத்துக் காப்பாற்றியவர்களின் பதிவேட்டிலும் அதே கதை. பெரும்பாலானவர்கள் தினம் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள், நாலில் மூன்று பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். அந்தப் பதிவேட்டில் தாங்களாகச் சேர்ந்தவர்கள்தான் இருக்கிறார்கள், அதனால் எது காரணம் எது விளைவு என்று சொல்ல முடியாது.

தராசு இப்போது கட்டிலுக்கு அடியில் இல்லை, குளியலறை வாசலில். தினமும் பார்க்கிறேன், ஆனால் ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பு கொடுப்பதில்லை. விருந்து சாப்பிட்ட மறுநாள் ஒன்றரை கிலோ ஏறியிருக்கும். அது கொழுப்பாக இருக்க வேண்டுமானால் தேவைக்கு மேல் 11,500 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும், எவ்வளவு பெரிய பந்தியானாலும் நடக்காது. உப்பும், மாவுச்சத்தோடு உடலில் தங்கும் தண்ணீரும்தான். டயட் ஆரம்பித்த முதல் வாரத்தில் மளமளவென்று இரண்டு மூன்று கிலோ இறங்குவதும் அதே தண்ணீர்தான், அதற்குச் சந்தோஷப்பட்டு ஸ்டேட்டஸ் போட வேண்டாம். நான் பார்ப்பது ஏழு நாள் சராசரி. அது 78-ஐத் தாண்டினால், காரணம் எதுவானாலும், நாலு வாரம் 1800 கணக்குக்குத் திரும்புவது என்று ஒரு விதி.

மூன்றரை வருடத்தில் மூன்றுமுறை தாண்டியிருக்கிறது. ஒன்று, தங்கை வீட்டுக் கல்யாணம். ஒன்று, கணுக்கால் சுளுக்கிக்கொண்டு நடக்க முடியாமல் இருந்தபோது. மூன்றாவது, அப்பாவுக்கு மறுபடி காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம். இரண்டு மாதம் கேன்டீன் பரோட்டாவும் டீயும்தான். தராசுப் பக்கமே போகவில்லை. அப்பா வீட்டுக்கு வந்த மறுநாள் ஏறி நின்றேன், 81.3. பழைய நானாக இருந்தால் "எல்லாம் போச்சு" என்று விட்டிருப்பேன். அன்று கோப்பைத் திறந்து ஒரு வரி எழுதிவிட்டு அளவுக் கரண்டியை எடுத்தேன். நாலு வாரம் போதவில்லை, பதினோரு வாரம் ஆச்சு.

பசி இன்னும் இருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்கு வரும், ராத்திரி பத்தரைக்கு வரும். 76 கிலோவில் இருக்கிற நான், எப்போதுமே 76 கிலோவாக இருந்த ஒருவரைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பசிக்கிற ஆள் என்று ஏற்றுக்கொண்டுவிட்டேன். இப்போதெல்லாம் எடையைக் காப்பாற்றப் புது ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன, அவை பிடிப்பது இந்தப் பசியைத்தான். செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்று ஆய்வு சொல்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

என் சராசரிச் சர்க்கரை போன பரிசோதனையில் 5.7. பழைய கோப்பில் அந்தப் பச்சைக் கட்டத்தை அழித்துவிட்டு, கீழே 2019 பொங்கல் எடையையும் 2021 முதல் உள்ள வரிகளையும் ஒட்டி ஒரே கோப்பாக்கிவிட்டேன். நடுவில் எழுதாமல் விட்ட வருடங்கள் வரைபடத்தில் காலியாக இருக்கின்றன. இன்று காலைச் சராசரி 76.9. அடுத்த வாரம் தீபாவளி, அம்மா அதிரசத்துக்கு மாவு இடித்துவிட்டார்.